கடிதத்தை முதலிலிருந்து படி

பக்கத்து வீட்டு மகள் மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில ஆசிரியையாகப் போகிறாள். இரண்டு வருட ஒப்பந்தம். நேற்று சாயங்காலம் நாகர்கோவிலில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். தேயிலை போட்டுக் கொடுத்தேன். கையில் புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, எரேமியா 29:11.

“இதைத்தான் பெரியம்மா தினமும் வாசிக்கிறேன். ஆனாலும் பயம் போகல. எனக்கு விசுவாசம் இல்லையோ?”

“அது ஒரு கடிதத்தோட நடு வரி, மக்ளே. முதல்ல இருந்து படிப்போம்” என்றேன்.

கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜா எகொனியாவையும் தச்சர், கொல்லர் முதலானவர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். ஊரிலேயே இருந்த எரேமியா அவர்களுக்கு எழுதிய கடிதம் இது. இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொல்லியிருந்தான். எரேமியா 70 வருடம் என்கிறார். அதைச் சொன்ன பிறகுதான், உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற அட்டையிலுள்ள வசனம் வருகிறது.

அதுவரைக்கும் என்ன செய்வது? அதற்கு முந்திய வசனங்களைப் பார்க்க வேண்டும். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறது கடிதம். ஏழாம் வசனம் இன்னும் ஆழம்: நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள்; உங்கள் சமாதானம் அதில்தான் இருக்கிறது. தங்களைச் சிறைபிடித்தவர்களின் ஊருக்காக ஜெபிக்கச் சொல்கிறார். ஆறுதல் கேட்டவர்களுக்குக் கையில் ஒரு வேலையையும் கொடுக்கிறார். நீ போகிற தீவில் ஆங்கிலம் தடுமாறுகிற ஒரு பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளையின் நன்மையைத் தேடுவதுதான் உனக்கு வந்திருக்கும் ஏழாம் வசனம்.

அவளுடைய அடுத்த கவலை ஞாயிற்றுக்கிழமை. மாலத்தீவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறன்று பள்ளிக்கூடம் உண்டு. 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அந்நாட்டுக் குடிமக்கள் முஸ்லிம்களாக இருக்க வேண்டும். வேறு மதத்தவர் வெளிப்படையாகக் கூடி வழிபட அனுமதியில்லை. அதனால் கோயில் மணி கேட்காது.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். ஞாயிற்றை ஓய்வு நாளாக்கிச் சட்டம் போட்டவர் கான்ஸ்டன்டைன், ஆண்டு 321. அதற்கு முன்னால் ஏறக்குறைய முந்நூறு வருடம் விசுவாசிகளுக்கு ஞாயிறு வேலை நாள்தான். சுமார் 112இல் ரோம ஆளுநர் பிளினி தன் பேரரசருக்கு எழுதியபோது, கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். விடிந்ததும் அவரவர் வேலைக்குப் போயிருப்பார்கள். நீயும் விடியுமுன் எழுந்து, அறைக் கதவைச் சாத்தி ஜெபித்துவிட்டு வகுப்புக்குப் போ. அந்த நாட்டுச் சட்டத்தை மதி. வகுப்பில் மதம் பேசாதே. ஒரு ஊரின் சமாதானத்தைத் தேடுகிறவள் அந்த ஊருக்கு உண்மையாக இருக்க வேண்டும்.

பயத்தைப் பற்றிக் கடைசியாகப் பேசினோம். யாராவது பயணம் புறப்பட்டால் நம் வீடுகளில் 121ஆம் சங்கீதம் வாசிப்பார்கள். மொத்தம் 8 வசனம். அதற்குள் காப்பதைக் குறிக்கும் எபிரெயச் சொல் 6 தடவை வருகிறது. பயமே இல்லாதவனிடம் ஒரு விஷயத்தை ஆறு தடவை சொல்ல வேண்டியதில்லை. நம் பயம் தெரிந்துதான் அந்தச் சங்கீதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆகையால் பயத்தோடேயே வாசி; அது விசுவாசக் குறைவு இல்லை.

தேயிலை ஆறிவிட்டது. அவள் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “தோட்டம் போடச் சொல்லியிருக்கே பெரியம்மா, அங்க மணல்தானே?” என்றாள்.

“அங்கயும் முருங்கை உண்டு. அந்த ஊர்க்காரங்களும் அதன் இலையைச் சமைக்கிறாங்க” என்றேன். “போன முதல் வாரமே பக்கத்து வீட்டு அம்மாகிட்ட ஒரு கொம்பு கேளு.”

அட்டையை வேதாகமத்துக்குள் வைத்தாள். ஐந்தாம் வசனத்திலிருந்து ஏழாம் வசனம் வரை பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள்.