எவ்வளவு குறைத்தால் போதும்?

விருதுநகர் மாவட்டம் எம். புதுப்பட்டி சுற்றுவட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்துக் கலவை அறை மற்ற அறைகளிலிருந்து தள்ளித் தனியாக இருக்கும். காரணம் அங்கே எல்லோருக்கும் தெரியும். கந்தகம் தன் மூட்டையில் கிடக்கும்வரை அமைதியாகக் கிடக்கும். குளோரேட் உப்பும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால் லேசான உரசலே போதும். அதனால்தான் அந்தக் கலவைக்கு வெடிபொருள் சட்டத்தின் கீழ் தடை இருக்கிறது. தனித்தனியே பழகிய இரண்டு பொருள்கள், சேர்ந்த பிறகு வேறொன்றாக நடந்துகொள்ளும். முற்றிய புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க நினைக்கும் மருத்துவர்களுக்கும் இதே கவலைதான். ஒவ்வொரு மருந்தும் ஏற்கெனவே கடையில் விற்பதாகவே இருக்கட்டும்; கூட்டு புதிதென்றால் அதன் அளவை முதலிலிருந்து சோதித்தாக வேண்டும்.

பிறகு ஏன் சேர்க்க வேண்டும்? ஒற்றை மருந்தை எதிர்கொள்ளும் புற்றணுக்களில் சில எப்படியோ தப்பிவிடும். தப்பியவை பெருகி, அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காது. இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் காசநோயிடம் கற்றது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், கூட்டு மருந்தை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்ட ஏழை நோயாளிகளும், சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கு இணையாகக் குணமாவதை உலகுக்குக் காட்டியது. காசநோயில் கூட்டு மருந்து பெற்ற வெற்றியை முன்னுதாரணமாகக் கொண்டு, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃப்ரை, ஃப்ரைரீக் என்ற இரு மருத்துவர்கள் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தார்கள். அந்த நான்கில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில், லெடர்லி ஆய்வகத்தில் உருவான மருந்து அது. சென்னையிலேயே, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் வாய்ப்புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு ப்ளியோமைசின் என்ற மருந்தைச் சேர்த்துச் சோதித்து, 1980இல் முடிவை வெளியிட்டார்கள்.

முதல் கட்டச் சோதனை எப்படி நடக்கிறது? வழக்கமான முறையில் முதலில் மூன்று நோயாளிகளுக்குக் குறைந்த அளவு கொடுப்பார்கள். யாருக்கும் கடுமையான பாதிப்பு இல்லையென்றால், அடுத்த மூவருக்கு ஒரு படி கூட்டுவார்கள். ஒருவருக்குப் பாதிப்பு வந்தால் அதே அளவில் இன்னும் மூவரைச் சேர்த்துப் பார்ப்பார்கள். இருவருக்கு வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, அதற்கு முந்தைய படியைத் தாங்கக்கூடிய அளவு என்று குறித்துக்கொள்வார்கள். கூட்டு மருந்தென்றால் சிக்கல் கூடுகிறது. வாய் வெந்துபோனால் அது எந்த மருந்தின் வேலை? அதனால் மற்றவற்றை நிலையாக வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள்.

இந்த முறைக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: உடல் தாங்கும்வரை கூட்டு, கூட்டக் கூட்டப் பலன். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் விஜய் பாட்டீல், வனிதா நோரோன்யா, குமார் பிரபாஷ் உள்ளிட்டோர் அந்த நம்பிக்கையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். இந்தத் துறையில் நம் நாடு செய்த மிக நல்ல வேலைகளில் ஒன்றாக இதைச் சொல்வேன்.

அவர்களிடம் வந்தவர்கள், சிஸ்பிளாட்டின் வகைக் கீமோவுக்கும் அடங்காத வாய்ப்புற்றுநோய் கொண்டவர்கள். இந்திய ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுதான், புகையிலைதான் பெருங்காரணம். அவர்களுக்குக் கொடுத்தவை மூன்று மாத்திரைகள்: மெத்தோட்ரெக்சேட், மூட்டுவலிக்குத் தரும் செலிகாக்சிப், நுரையீரல் புற்றுநோய்க்குத் தரும் எர்லோட்டினிப். பின்னிரண்டின் அளவை மாற்றவில்லை. மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் கூட்டிக்கொண்டு போகாமல் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எந்த அளவுவரை குறைத்தாலும் பலன் நிலைக்கிறது என்பதே கேள்வி. பலனை இரண்டு வழியில் அளந்தார்கள்: இரண்டு மாதத்தில் நோய் கட்டுக்குள் இருக்கிறதா, எட்டாம் நாளில் ரத்தத்தில் மிதக்கும் நாளச்சுவர்ச் செல்கள் எவ்வளவு.

அந்தச் செல்களை ஏன் எண்ண வேண்டும்? பெரிய அளவுக் கீமோ கொடுத்தால், எலும்பு மஜ்ஜை தேறுவதற்காக மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் கட்டிக்குத் தீனி கொண்டுபோகும் ரத்த நாளங்களும் தேறிவிடுகின்றன. சிறிய அளவை இடைவிடாமல் கொடுத்தால் நாளங்களுக்கு அந்த அவகாசம் கிடைக்காது. கட்டி புது நாளங்களை வளர்ப்பது தடைபடுகிறதா என்பதற்கு இந்தச் செல்களின் எண்ணிக்கை ஓர் அடையாளம்.

முதல் கட்டத்தில் 15 பேர். கிடைத்த அளவு, வாரம் ஒருமுறை, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 9 மில்லிகிராம். அந்த அளவை அடுத்த கட்டத்தில் 76 பேருக்குக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கடந்து உயிரோடிருந்தவர்கள் 61 சதவீதம். 43 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. 2019இல் இது வெளியானது. அடுத்து, இந்த மாத்திரைகளோடு நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த எதிர்ப்பாற்றல் மருந்தைச் சேர்த்தார்கள். அதன் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். இவர்கள் கொடுத்தது மூன்று வாரத்துக்கு வெறும் 20. தலை, கழுத்துப் பகுதியில் முற்றிய புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு கடந்தவர்கள் 16.3 சதவீதம், நிவோலுமாபும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். சராசரி நோயாளியின் ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமானது.

இந்த எண்களை உள்ளபடி படிக்க வேண்டும். இது குணமல்ல, மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலம். குறைந்த அளவு நிவோலுமாபை முழு அளவோடு நேருக்கு நேர் வைத்து இந்தச் சோதனை ஒப்பிடவும் இல்லை. ஆனால் முழு அளவை வாங்கவே முடியாத குடும்பத்துக்கு முன்னால் இருந்த தேர்வு முழு அளவா, குறைந்த அளவா என்பதல்ல. குறைந்த அளவா, ஒன்றுமே இல்லையா என்பதுதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2021இல், தாங்கும் உச்ச அளவைத் தேடுவதை விட்டு உகந்த அளவைத் தேடும்படி நிறுவனங்களைத் தூண்ட ‘ஆப்டிமஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது.

எம். புதுப்பட்டியிலிருந்து பார்த்தால் இதன் அருமை தெரியும். ஊசிக் கீமோ என்றால் வெளியூர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் அன்றைய கூலி போகும். மாத்திரை வீட்டிலேயே முடியும். ஆனால் வீட்டு மருந்துக்கென்று ஓர் ஆபத்து உண்டு. மெத்தோட்ரெக்சேட் இந்த முறையில் வாரம் ஒரு நாள் மட்டுமே. மற்ற மாத்திரைகளைப் போல் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாய்ப்புண், காய்ச்சல், நிற்காத வயிற்றுப்போக்கு வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இடையில் யாரோ சொன்னார்கள் என்று கடையில் வேறு வலி மாத்திரை வாங்கிப் போட்டால், சிறுநீரகம் இந்த மருந்தை வெளியேற்றும் வேகம் குறைந்து உடலில் தேங்கக்கூடும். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிக் கண்காணிக்கிற ஒரு செவிலியர், மாத்திரைக்குச் சமமான தேவை.

சோதனையில் சேரும்படி கேட்கப்படுகிறவருக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. முதல் கட்டம் அளவையும் பாதுகாப்பையும் கண்டறிய நடக்கிறது. பலன் அவருக்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். 2019ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகளின்படி, அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் அவர் விலகிக்கொள்ளலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதல் கட்டச் சோதனைகளுக்கென்று அமைத்துள்ள நான்கு மையங்களில் ஒன்று, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி. விருதுநகர் மாவட்டத்திலிருந்து அது மிகத் தொலைவு. குறைந்த அளவு போதுமா என்ற சோதனைக்கு மருந்து விற்பவர்கள் தாமாகப் பணம் போட மாட்டார்கள். விற்பனை குறைவதில் அவர்களுக்கு என்ன லாபம்? அரசுப் பணத்தில், அரசு மருத்துவமனைகளில்தான் அது நடந்தாக வேண்டும். மதுரை பாலரெங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய் மையம் இருக்கிறது. தென்மாவட்டத்து நோயாளிகள் ஏற்கெனவே வந்துபோகிற அந்த இடத்தையும் இத்தகைய சோதனைகளில் சேர்க்க வேண்டும்.