வாசித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றிப் பேசுதல்

வாசித்து முடித்த நூலைப் பற்றிக் கருத்துரைப்பது வேறு. பாதி வழியில் நின்றுகொண்டு, கையிலிருக்கும் நூலைப் பற்றி நண்பரிடம் பேசுவது வேறு. முன்னதற்கு மதிப்புரை என்று பெயரிட்டு, இதழ்களில் இடமும் ஒதுக்கி வருகிறோம். பின்னதற்கு நம்மிடையே பெயருமில்லை, இடமுமில்லை. ஆயினும், இருபதாம் நூற்றாண்டு இறையியலில் நாம் அடிக்கடி எடுத்தாளும் கருத்துகள் சில இந்த இரண்டாம் வகைப் பேச்சிலேதான் முதன்முதலாக வெளிப்பட்டன.

டீட்ரிக் போன்ஹோபர் 1943 ஏப்ரல் 5ஆம் நாள் கைது செய்யப்பட்டு, ஒன்றரை ஆண்டுக் காலம் பெர்லினிலுள்ள டேகல் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். அங்கு அவருக்கு நூல்கள் கிடைத்தன. ஸ்டிஃப்டர், கொத்ஹெல்ஃப் முதலியோரின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைகளையும், டில்தேயின் தத்துவ ஆய்வுகளையும் அவர் வாசித்தார். அடைபட்டிருந்த இறையியலறிஞர் ஒருவரின் மேசையில் இறையியலல்லாத நூல்கள் இத்தனை இருந்தன என்பது நம் கவனத்திற்குரியது. 1944 மே மாதத்தில் அவர் கையிலிருந்தது இயற்பியலறிஞர் கார்ல் ஃப்ரீட்ரிக் ஃபான் வைட்சேக்கர் இயற்பியல் காட்டும் உலகைப் பற்றி எழிய நூல். 1943இல் வெளிவந்த அந்நூலைத் தாம் வாசித்து வருவதாக, இத்தாலியில் படைப்பணியிலிருந்த நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு அவர் எழுதினார். மே 29ஆம் நாள் மீண்டும் அந்நூலைக் குறித்தே எழுதினார்.

அக்கடிதத்தில் அந்நூல் நன்றா, தீதா என்னும் ஆராய்ச்சி இல்லை. அது தம் உள்ளத்தில் எதைக் கிளறிற்று என்பதையே அவர் சொல்லுகிறார். நமது அறிவு எட்டாத இடங்களை அடைப்பதற்குக் கடவுளைப் பயன்படுத்தினால், அறிவின் எல்லை விரியுந்தோறும் கடவுள் பின்வாங்கிக்கொண்டே போகவேண்டியவராவார். ஆகவே நாம் அறியாதவற்றில் அல்ல, அறிந்தவற்றிலேயே கடவுளைக் காணவேண்டும். இது இயற்பியலுக்கு மட்டுமன்று, சாவு, துன்பம், குற்றவுணர்வு ஆகிய மானிடக் கேள்விகளுக்கும் பொருந்தும். நோயிலும் சாவிலும் மட்டுமன்றி, உடல்நலத்திலும் வாழ்விலும் கடவுளைச் சந்திக்க வேண்டும். நோயாளியின் படுக்கையருகில் மட்டுமே சரளமாகப் பேசத் தெரிந்த ஆயர்களாகிய நம்மைச் சுடும் சொல் இது. அந்த ஆகஸ்டு மாதத்தில் அவர் தீட்டிய ஒரு சிறு நூலின் திட்டத்திலும் இவ்வெண்ணத்தின் தொடர்ச்சியைக் காணலாம். அந்நூல் நம் கைக்கு எட்டவில்லை. 1945 ஏப்ரல் 9ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இக்கடிதங்களின் பகுதிகளை வேறு சில நண்பர்களுக்கும் அனுப்பலாமா என்று பெத்கே கேட்டிருந்தார். சூலை 8ஆம் நாள் எழுதிய மறுமொழியில், தாமாக இருந்தால் இப்போதைக்கு அனுப்பமாட்டார் என்றும், எண்ணங்கள் தெளிவடையும்பொருட்டு வாய்விட்டுச் சிந்திக்கத் தாம் துணிவது பெத்கேயிடம் மட்டுமே என்றும் போன்ஹோபர் தெரிவித்தார். முடிவை நண்பரிடமே விட்டுவிட்டார். பின்னர் நிகழ்ந்ததை நாம் அறிவோம். 1951இல் பெத்கே அக்கடிதங்களை நூலாக்கினார். 1963இல் ஆயர் ஜான் ராபின்சனின் புகழ்பெற்ற சிறுநூல் அவற்றை உலகெங்கும் பேசவைத்தது. கடவுள் இறந்தார் என்று எழுதியவர்களுங்கூட அவரைத் தம்மவர் என்றனர். வாய்விட்டுச் சிந்தித்த சொற்கள் முடிந்த கோட்பாடாக எடுத்துக்கொள்ளப்பட்டன.

மற்றொரு சான்றும் உண்டு. சுவிட்சர்லாந்தில் சாஃபன்வில் என்னும் ஊரில் ஆயராயிருந்த கார்ல் பார்த்தும், லாய்ட்வில் ஆயர் எடுவர்ட் துர்னைசனும் வாசித்தவற்றை இடைவிடாது பகிர்ந்துகொண்டனர். 1922இல் வெளிவந்த ரோமர் உரையின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில், தஸ்தாயெவ்ஸ்கியைப் புரிந்துகொள்ளத் துர்னைசன் துணைசெய்ததைப் பார்த் குறிப்பிடுகிறார். இருவரும் சிறு ஊர்களின் ஆயர்களே. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர்.

நம்மிடையே இது ஏன் அரிதாயிற்று? நேரமின்மை என்போம். அது முழு உண்மையன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஆயர் கூடுகை ஒன்றில், தேநீர் வேளையில், ஓர் இளம் ஆயர் தாம் வாசித்துக்கொண்டிருந்த நூலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். உயிர்த்தெழுதல் குறித்த நூல் அது. அதன் ஆசிரியர் எழுப்பிய ஒரு வினா தம்மை உறங்கவிடவில்லை என்றார். மூத்தவர் ஒருவர், "அப்படியானால் தம்பி, உயிர்த்தெழுதலை நீர் விசுவாசிக்கிறீரா, இல்லையா?" என்று கேட்டார். பேச்சு அத்துடன் நின்றது. அந்த இளைஞர் அதன்பின் எந்தக் கூடுகையிலும் நூலொன்றைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அன்று நானும் அருகிலிருந்தேன், வாய் திறக்கவில்லை.

அந்த மூத்தவரின் கேள்வி தவறான கேள்வியன்று; திருநிலைப்பாட்டின்போது கேட்கவேண்டிய கேள்வி அது. பாதி வாசித்த நூலைக் கையில் வைத்திருப்பவரிடம் கேட்கவேண்டியது, எந்தப் பக்கம் உம்மை நிறுத்தியது என்பதே. இப்போது நாங்கள் மூவர் திங்களுக்கு ஒருமுறை கூடுகிறோம். வாசித்து முடித்த நூலைக் கொண்டுவரலாகாது என்பது எங்கள் ஒரே விதி. ஒருவர் கொண்டுவருவது பெரும்பாலும் வேளாண்மை நூல். முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. மண்ணைப் பற்றி அவர் சொன்னவை இரண்டு அறுவடைப் பண்டிகைகளில் என் அருளுரைக்குள் வந்துவிட்டன. அங்குப் பேசப்படுவதை வெளியில் எடுத்துச் சொல்வதற்குமுன் பேசியவரைக் கேட்டுக்கொள்கிறோம்.

சென்ற மாதம் அந்த இளம் ஆயரைச் சந்தித்து, அன்று அவர் வாசித்துக்கொண்டிருந்த நூலின் பெயரைக் கேட்டேன். சற்றுத் தயங்கியே சொன்னார். நூலை வாங்கிவிட்டேன், நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். அடுத்த கூட்டத்திற்கு வருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.