நுண்பாசி வணிக வளர்ப்பு

நுண்பாசி வணிக வளர்ப்பு என்பது, வெறுங்கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத பாசி இனங்களைக் குளங்களிலோ மூடிய கலன்களிலோ பெருமளவில் வளர்த்து, அறுவடை செய்து, உணவு, தீவனம், நிறமி, எண்ணெய் ஆகியவற்றுக்காக விற்கும் தொழிலாகும். இத்தொழிலில் வளர்க்கப்படும் சுருள்பாசி (ஸ்பைருலினா) உண்மையில் நீலப்பச்சை பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. வளர்க்கும் முறை ஒன்றே என்பதால் அதுவும் பாசி என்றே வழங்கப்படுகிறது. மன்னார் வளைகுடாப் பகுதியில் மிதவைகளில் கட்டி வளர்க்கப்படும் கப்பாபைகஸ் போன்ற கடற்பாசிகள் வேறு தொழில். அவை இக்கட்டுரையில் பேசப்படவில்லை.

பாசியிலிருந்து டீசல் எடுக்கலாம், அனல்மின் நிலையப் புகையைப் பாசிக்கு ஊட்டி வளிமண்டலத்தைக் காக்கலாம் என்ற செய்திகளை மாணவர்கள் பலரும் படித்திருப்பார்கள். இரண்டும் ஆய்வகத்தில் மெய். சந்தையிலோ இன்றுவரை நிலைத்து நிற்பவை மாத்திரை, நிறமி, மீன் தீவனம், குழந்தைகளுக்கான பால்மாவில் சேரும் எண்ணெய் ஆகியவையே. ஏன் இப்படி ஆயிற்று என்பதைச் சிறிது கணக்குப் போட்டாலே புரிந்துகொள்ளலாம்.

வளர்ப்பு முறைகள்

மிகப் பரவலானது ஓடுபாதைக் குளம். கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்டு 1950களில் கழிவுநீரைத் தூய்மைப்படுத்துவதற்காகச் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறை இது. நீள்வட்ட வடிவில் கட்டிய குளத்தின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். துடுப்புச் சக்கரம் ஒன்று நீரை இடைவிடாமல் சுற்றி ஓடச் செய்யும். ஆழம் 20 முதல் 30 செ.மீ. வரைதான். அதற்கு மேல் ஆழப்படுத்தினால் அடியிலுள்ள பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது.

திறந்த குளத்தின் பெரிய தொல்லை அழையா விருந்தாளிகள். காற்றில் வரும் வேறு பாசிகளும் பூஞ்சைகளும், பாசியை மேயும் சக்கர உயிரிகளும் இரண்டு மூன்று நாளில் ஒரு குளத்தையே காலிசெய்துவிடக்கூடும். ஆகவே, பிற உயிர்கள் எளிதில் தாக்குப்பிடிக்க முடியாத சூழலில் வளரும் இனங்களே திறந்த குளத்தில் வெற்றி பெற்றன. சுருள்பாசி சோடா கலந்த மிகுந்த காரத்தன்மையுள்ள நீரில் செழிக்கிறது. துனாலியெல்லா சலைனா உப்பளத்தை ஒத்த உவர்நீரில் வாழ்கிறது. எண்ணெய் மிகுதியாகத் தரும் இனங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை அல்ல என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது.

கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழாய்களுக்குள் வளர்க்கும் ஒளி உயிர்வினைக்கலன்களில் கலப்படம் குறைவு, விளைச்சல் அடர்த்தி அதிகம். ஆனால் கட்டுமானச் செலவும் குளிர்விக்கும் செலவும் பன்மடங்கு. வெளிச்சமே இல்லாமல், சர்க்கரையை ஊட்டி எஃகுத் தொட்டிகளில் நொதிக்கவைத்து வளர்ப்பது மூன்றாவது முறை. இதில் கரிமம் சர்க்கரையிலிருந்துதான் வருகிறது. காற்றிலிருந்து எதுவும் பிடிக்கப்படுவதில்லை.

எரிபொருள் முயற்சிகள்

எண்ணெய் விலையேற்றம் கண்ட 1970களின் பின்னணியில், அமெரிக்க எரிசக்தித் துறை 1978இல் நீர்வாழ் உயிரினத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆய்வாளர்கள் சுமார் 3,000 பாசி வகைகளைச் சேகரித்தார்கள். நைட்ரசனை நிறுத்திப் பட்டினி போட்டால் செல்லில் கொழுப்பு கூடுகிறது என்பது அவர்கள் விரிவாக ஆராய்ந்த செய்தி. ஆனால் பட்டினி கிடக்கும் பாசி வளர்வதும் குறைகிறது. ஒரு செல்லில் எண்ணெய் கூடினாலும், குளத்தின் மொத்த எண்ணெய் கூடவில்லை. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல்லில் 1,000 சதுர மீட்டர் குளங்களில் நடந்த சோதனையில் சில நாள்களில் சிறப்பான விளைச்சல் கிடைத்தபோதும், இரவுக் குளிரும் பனிக்காலமும் சராசரியைக் கீழே இழுத்தன. ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்த இனங்களை உள்ளூர்ப் பாசிகள் விரட்டிவிட்டதும் உண்டு. திட்டம் 1996இல் முடிவுக்கு வந்தது.

2000களின் பிற்பகுதியில் எண்ணெய் விலை மீண்டும் ஏறியபோது அடுத்த அலை எழுந்தது. எக்சான் மொபில் நிறுவனம் கிரெய்க் வென்டரின் சிந்தெடிக் ஜினோமிக்சுடன் சேர்ந்து 60 கோடி டாலர் வரை செலவிடப்போவதாக 2009இல் அறிவித்தது. 2023இல் பாசி ஆய்விலிருந்து விலகிக்கொண்டது. நொதிக்கலன் முறையில் எண்ணெய் எடுத்த சோலசைம் நிறுவனம் எரிபொருளைக் கைவிட்டு, டெராவியா என்று பெயர் மாற்றி உணவுப் பொருளுக்குத் திரும்பிப் பார்த்தது. 2017இல் அதுவும் திவால் மனு அளித்தது.

கணக்கு எங்கே இடிக்கிறது?

நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு குளம் நாளொன்றுக்கு சதுர மீட்டருக்கு 20 கிராம் உலர்பாசி தருவதாகக் கொள்வோம். ஆண்டில் 330 நாள் வளர்த்தால் ஓர் எக்டருக்கு 66 டன். அதில் 20 விழுக்காடு எண்ணெய் என்றால் சுமார் 13 டன். எண்ணெய்ப் பனை தருவது ஏறத்தாழ 4 டன். சோயா அரை டன்னையே ஒட்டியது. இந்த ஒப்பீடுதான் முதலீட்டாளர்களைக் கவர்ந்தது. அதில் பொய் இல்லை.

ஆனால் பாசி கதிர் போல் நிமிர்ந்து நிற்பதில்லை. ஒரு லிட்டர் குளநீரில் அரை கிராம் பாசிதான் இருக்கும். ஒரு டன் உலர்பாசி வேண்டுமானால் 2,000 டன் நீரை வடிகட்டவோ மையவிலக்கியில் சுற்றவோ வேண்டும். அப்படிச் செய்து கிடைக்கும் விழுதிலும் ஐந்தில் நான்கு பங்கு நீரே. ஒரு கிலோ உலர்பாசியோடு வரும் 4 கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 9 மெகாஜூல் வெப்பம் தேவை. அந்த ஒரு கிலோ பாசியை எரித்தால் கிடைப்பதே சுமார் 20 மெகாஜூல். அதாவது, எண்ணெயைப் பிழிவதற்கு முன்பே ஆற்றலில் பாதியளவு உலர்த்துவதில் கரைந்துபோகிறது. ஈரமான விழுதையே உயர் அழுத்தத்தில் சூடாக்கிக் கச்சா எண்ணெயாக மாற்றும் வழிகளை ஆய்வாளர்கள் தேடியது இதனால்தான்.

உரமும் உண்டு. உலர்பாசியின் எடையில் 7 விழுக்காடு அளவுக்கு நைட்ரசன் இருக்கிறது. ஒரு டன்னுக்கு 70 கிலோ. யூரியாவாகச் சொன்னால் மூன்று மூட்டைக்கு மேல். அந்த யூரியாவைத் தயாரிக்க இயற்கை எரிவாயு செலவாகிறது. கழிவுநீரைப் பயன்படுத்தினால் இந்தச் செலவு குறையும். ஆனால் கழிவுநீர்ப் பாசியை மனிதர் உண்ணும் பொருளாக விற்க இயலாது.

கரிமப் பிடிப்பு

உலர்பாசியில் ஏறத்தாழப் பாதி கரிமம். ஆகவே ஒரு கிலோ பாசி வளர சுமார் 1.8 கிலோ கார்பன் டைஆக்சைடு தேவைப்படுகிறது. மேற்சொன்ன விளைச்சலில் ஓர் எக்டர் குளம் நாளொன்றுக்கு 360 கிலோ வாயுவை உட்கொள்ளும். நிலக்கரியில் இயங்கும் 500 மெகாவாட் அலகு ஒன்று நாளொன்றுக்கு வெளிவிடுவது சுமார் 10,000 டன். அதை முழுதும் உறிஞ்ச 270 சதுர கிலோமீட்டருக்கு மேல் குளம் வெட்ட வேண்டும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரவில் பாசி ஒளிச்சேர்க்கை செய்யாது. மின் நிலையமோ இரவிலும் இயங்கும்.

இன்னொன்று: பிடித்த கரிமம் எங்கே போகிறது? பாசியை டீசலாக்கி எரித்தாலும், தின்று செரித்தாலும் அது மீண்டும் காற்றுக்கே திரும்புகிறது. புதைபடிவ எரிபொருளுக்கு மாற்றாகப் பயன்பட்ட அளவுக்கே இலாபம். இதைக் கரிமச் சேமிப்பு என்று விளம்பரம் செய்வது சரியல்ல.

உயர்விலைப் பொருள்கள்

எரிபொருள் லிட்டர் கணக்கில் விற்கும். நிறமி கிராம் கணக்கில் விற்கும். இத்தொழில் பிழைத்த இடம் அதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் உவர் ஏரியில் துனாலியெல்லா வளர்த்து பீட்டா கரோட்டின் எடுக்கிறார்கள். ஏரி இளஞ்சிவப்பாகத் தெரிவதற்கும் அந்த நிறமியே காரணம். ஹவாய்த் தீவின் கோனா கடற்கரையில் ஹெமடோகாக்கஸ் பாசியை முதலில் பச்சையாக வளர்த்து, பின்பு உணவைக் குறைத்து வெயிலில் வாட்டுகிறார்கள். தன்னைக் காத்துக்கொள்ள அது அஸ்டாக்சாந்தின் என்னும் செந்நிறமியைச் சேர்த்துவைக்கிறது. எண்ணெய்க்காகப் பட்டினி போட்ட அதே உத்தி, இங்கே விலை கூடிய பொருள் என்பதால் கட்டுப்படியாகிறது. சுருள்பாசியின் நீலநிறமியான பைகோசயனினை இனிப்புப் பண்டங்களில் சேர்க்க அமெரிக்கா 2013இல் அனுமதி அளித்தபின் அதற்குத் தேவை கூடியது. நொதிக்கலனில் வளரும் கிரிப்தெகோடினியம் என்னும் பாசியின் டிஎச்ஏ கொழுப்பமிலம் குழந்தைகளுக்கான பால்மாவில் சேர்கிறது.

சுருள்பாசி புதிய உணவன்று. சாட் ஏரிப் பகுதி மக்கள் அதை வடித்து மணலில் உலர்த்தி 'டிகே' என்ற வில்லைகளாக உண்கிறார்கள். மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ ஏரியில் ஆஸ்டெக் மக்களும் அதை அறுவடை செய்தார்கள். தமிழ்நாட்டில் முருகப்ப செட்டியார் ஆய்வு மையத்தில் சி. வி. சேஷாத்ரி குழுவினர் கிராமப் பெண்கள் வீட்டளவில் வளர்க்கத்தக்க எளிய முறைகளை ஆராய்ந்தனர். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் பெரிய அளவில் வளர்த்து ஏற்றுமதி செய்தது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. சுருள்பாசியில் 60 விழுக்காடு அளவுக்குப் புரதம் உண்டு என்பது உண்மை. ஆனால் நாளுக்கு 3 கிராம் மாத்திரையில் கிடைப்பது 2 கிராம் புரதமே. ஒரு கோழி முட்டையில் 6 கிராம் இருக்கிறது. அதிலுள்ள பி12 பெரும்பாலும் மனித உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். ஆகவே மரக்கறி உணவினர் அதை நம்பி பி12 மருந்தை நிறுத்தக் கூடாது.

தீவனமே இத்தொழிலின் அதிகம் பேசப்படாத முகம். மரக்காணம் கடற்கரையிலுள்ள இறால் குஞ்சு பொரிப்பகங்களில் கீட்டோசெரோஸ் போன்ற நுண்பாசிகளைத் தொட்டி தொட்டியாக வளர்த்து இளம் புழுப்பருவ இறாலுக்கு ஊட்டுகிறார்கள். இங்கே பாசியை உலர்த்துவதும் இல்லை, பிழிவதும் இல்லை. வளர்ந்த நீரோடு அப்படியே குஞ்சுத் தொட்டிக்குப் போய்விடுகிறது.