காதுக்குள் செருகும் மானிட்டர்

காதுக்குள் செருகும் மானிட்டர், இசைக்கலைஞர்கள் மேடையில் தங்கள் இசையைத் தாங்களே கேட்பதற்காகப் பிறந்தது. வான் ஹேலன் ராக் குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக இப்படி ஒன்றைச் செய்தார். அதிலிருந்தே 1995இல் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் உருவானது. காதுகேள் கருவிகளில் இருந்த பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற குட்டி ஒலிபெருக்கிதான் இன்றைய உயர்விலை மாதிரிகள் பலவற்றிலும் இருக்கிறது. ஒன்று பாஸுக்கு, ஒன்று குரலுக்கு என்று பலவற்றை அடுக்கி, கிராஸ்ஓவர் என்ற சுற்றின் மூலம் வேலையைப் பிரிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட உயர்விலை மாதிரியை முதன்முதலில் கேட்பவரை விலையே பாதி மயக்கிவிடும். உள்ளே எத்தனை டிரைவர் (குட்டி ஒலிபெருக்கி) என்று எண்ணுவதைவிட, நுனியிலுள்ள சிலிகோன் உறையைக் கவனிப்பது மேல். அது காதுத்துளையை இறுக அடைக்காவிட்டால் பாஸ் கிட்டார் காணாமல் போகும்; மிஞ்சுவது சிம்பலின் கீச்சொலி. பல அளவு உறைகளைப் பெட்டியிலேயே வைத்துத் தருவது அதனால்தான். ஒலியளவு சற்றுக் கூடினாலே மேம்பட்டதாகத் தோன்றும் என்பதால், இரண்டு மாதிரிகளை ஒப்பிடும்போது அளவைச் சமமாக வைத்துக் கேட்க வேண்டும்.