பிள்ளையைத் தாயிடமே கொடுங்க!

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலை அடித்தபோது என் நாத்தனாருக்கு எட்டாம் மாசம். தலைப்பிரசவம் என்பதால் வளைகாப்பு முடிந்து ஆலங்குடி பக்கம் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு நாள் காய்ச்சல், வறட்டு இருமல். "புள்ளத்தாச்சிக்கு உடம்புச் சூடு, வேறொண்ணுமில்ல" என்றார் மாமியார். கிராம நர்ஸம்மா வந்து விரலில் மெஷினை மாட்டிப் பார்த்தார். 93! "கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே இறங்கினால் வீட்டில் வைக்கக் கூடாது" என்று அப்போதே புதுக்கோட்டைக்கு அனுப்பினார்.

ஐந்து நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிறகு தேதிக்கு ஐந்து வாரம் இருக்கும்போதே வலி வந்து பிள்ளை பிறந்தது. 1 கிலோ 900 கிராம். எலிக்குஞ்சு மாதிரி இருந்தது என்றால் நம்புங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். வயிறு பெரிசாகி மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைச்சலாம். கர்ப்ப காலத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும். கொரோனாவும் அதையே செய்யும். அதனால்தான் அதே வயசுள்ள மற்ற பெண்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு நோய் முற்றுவது அதிகம். சர்க்கரை, பிரஷர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குறைமாசப் பிரசவமும், வயிற்றிலேயே பிள்ளை இறப்பதும் தொற்று வந்தவர்களிடம் கூடுதலாக இருந்ததாம். ஆனால் பெரும்பாலான தாய்மார் நல்லபடியாகத்தான் பெற்றெடுத்தார்கள். தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு நோய் போவது அபூர்வம். எங்கள் குட்டிக்கும் டெஸ்டில் இல்லை என்றே வந்தது.

இதற்குப் பிறகுதான் வீட்டில் சண்டை! "தாயோட மூச்சுக்காத்து பட்டா பிள்ளைக்கு ஒட்டிக்கும், தனியா வைங்க, டப்பாப் பால் குடுங்க" என்று போனிலேயே ஆளாளுக்கு உத்தரவு. நாத்தனார் அழுத அழுகை இருக்கிறதே... வார்டில் இருந்த நர்ஸ்தான் மாஸ்க் போட்டு, கையை சோப்பால் கழுவச் சொல்லி, சீம்பால் கொடுக்க வைத்தார். உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே இதைத்தான் சொல்லிவிட்டதாம். தாய்ப்பால் வழியாகக் கொரோனா பரவாது. நோயை எதிர்க்கும் சக்திதான் போகும். எடை குறைந்த பிள்ளையைத் தாயின் மார்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும் கங்காரு முறையையும் அவரே சொல்லிக் கொடுத்தார். பதினைந்தே நாளில் 2 கிலோவைத் தாண்டியது.

தடுப்பூசிக் கதை தனி. கர்ப்பிணிகளும் போடலாம் என்று 2021 ஜூலை 2-ந்தேதிதான் மத்திய அரசு அனுமதித்தது. எங்கள் தெருவில் "கரு கலைஞ்சு போயிடும்" என்று ஒரே புரளி. நாலு மாசமாயிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை அவள் புருஷனே தடுத்தார். என் நாத்தனார் பட்ட பாட்டை நான் போய்ச் சொன்ன பிறகுதான் கூட்டிப் போனார். ஊசியால் கரு கலைவதில்லை. தாய் போட்டால் அந்த எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் சேர்கிறது. ஆறு மாசத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கென்று கொரோனா ஊசியே கிடையாது, பாருங்கள்!

2023 மே மாதம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் 2025 மே, ஜூனில் மறுபடி தலைகாட்டியது. ஆகவே சகோதரிகளே, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இருமல், சளி உள்ளவர்களைக் கொஞ்சம் தள்ளியே நிற்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் கஷாயத்தோடு நிற்காமல் அன்றைக்கே நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். ராத்திரியில் சந்தேகம் என்றால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம். மூச்சு வாங்கினாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ உடனே 108.

- ஒரு வாசகி, ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்.