உருகாமலே ஒட்டும் இரும்பு

சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். பழங்கால உலைகளில் பொதுவாக அந்தச் சூடு ஏறாது. இரும்பு துளைவிழுந்த கட்டியாகத்தான் கிடைக்கும். அதைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து இறுக்கினார்கள்.

உருகாமல் எப்படி ஒட்டியது? சூட்டில் அணுக்கள் இடம்பெயர்ந்து, துகள்கள் தொடும் இடத்தில் பாலம் கட்டுகின்றன. தூளை உருக்காமல் சூட்டில் ஒட்டவைக்கும் இன்றைய சின்டரிங்கின் அடிப்படையும் இதுவே.

ஆனால் இந்த முறையில், இரும்பும் அலுமினியமும் சேர்ந்த இரும்பு அலுமினைடு செய்வதில் ஒரு சிக்கல். இரண்டு தூளையும் வெறுமனே கலந்து சூடேற்றினால், அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகி இரும்புக்குள் பாயும். அது இருந்த இடம் ஓட்டையாகும், கட்டி உப்பும். ஆகவே முதலில் எஃகுக் குண்டுகள் உருளும் ஆலையில் மணிக்கணக்காக அரைக்கிறார்கள். பரோட்டா மாவை வீசி மடிப்பதுபோல, தூள் நசுங்கி, ஒட்டி, உடைந்து, மீண்டும் ஒட்டி, அடுக்குகள் மெலிந்துகொண்டே போகும். பிறகு சின்டரிங் செய்தால் ஓட்டை குறைகிறது.

பலன் அருமையானது. செஞ்சூட்டில் சாதாரண இரும்பு செதிலாய் உதிரும். இரும்பு அலுமினைடை அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) படலம் காக்கிறது. பீங்கான் துகள் சேர்த்தால் தேய்மானமும் குறையும். ஆனால் சாதாரண வெப்பநிலையில் எளிதில் முறியும்: காற்றின் ஈரத்தோடு அலுமினியம் வினைபுரிய, பிறக்கும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து விரிசலை வளர்க்கிறது.