துறைமுகம் நகரும், வாய்க்கால் நகராது

கொற்கைக்கு முதல்முறை வருகிறவர்கள் கடல் எங்கே என்றுதான் கேட்பார்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். வந்து பார்த்தால் வாழைத் தோட்டமும் குளமும் முதிர்ந்த வன்னி மரமும்தான் இருக்கும். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து, கடலைச் சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. வணிகமும் கூடவே நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்தபோது கப்பல்கள் காயலில் நின்றன. பிறகு புன்னைக்காயல், அதன்பின் தூத்துக்குடி. மண் மெதுவாக மேடிட்டதால் இடம் மாறிக்கொள்ள வணிகத்துக்கு அவகாசம் கிடைத்தது.

மூளைக்குள் வளரும் சில கட்டிகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூளையின் சொந்தத் திசுவிலிருந்து முளைக்கும் கட்டிகளில் முக்கியமானது கிளையோமா. அதில் மெதுவாக வளரும் வகை ஆண்டுக்குச் சராசரியாக 4 மில்லிமீட்டர்தான் பெருக்கும். இடது நெற்றிப் பக்கத்தில், பேச்சுக்கென்று புத்தகங்கள் குறித்து வைத்திருக்கும் இடத்திலேயே, எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி இருக்கும். ஆளோ ஏரல் கடைத்தெருவில் வாழைத்தாருக்கு விலை பேசிக்கொண்டிருப்பார். அதே இடத்தில் அதே அளவுக்குப் பக்கவாதம் தாக்கியிருந்தால் அன்றைக்கே பேச்சு நின்றிருக்கும். கட்டி அங்குலம் அங்குலமாக இடத்தைப் பிடிக்கப் பிடிக்க, அக்கம்பக்கத்துத் திசுவும், சிலருக்கு மறுபக்க மூளையும் பேச்சு வேலையை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வேகமாக வளரும் கிளையோபிளாஸ்டோமா இந்த அவகாசத்தைத் தருவதில்லை.

ஆகவே, அறுவை செய்யும் மருத்துவர் புத்தகத்துப் படத்தை நம்பிக் கத்தி வைக்க முடியாது. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு கொற்கையில் கப்பல் தேடுவதைப் போல ஆகிவிடும். இந்த மனிதருக்கு, இன்றைய தேதியில், பேச்சு எங்கே இருக்கிறது, கையசைவு எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மூளையின் மேற்பரப்பு ஓரளவு இடம் மாறிக்கொள்ளும். ஆனால் அடியில் ஓடும் வெள்ளை நரம்பிழைகள் அப்படி மாறுவதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிந்து போகின்றன. ஒரு வயல் பாழானால் பக்கத்து வயலில் பயிர் வைத்துக்கொள்ளலாம், கால்வாய் அறுந்தால் கடைமடை வரை காய்ந்துவிடும். கையை அசைக்கச் சொல்லும் கட்டளை இறங்கும் இழைகளும், கேட்ட சொல்லைப் பேசும் பகுதிக்குக் கொண்டுபோகும் இழைகளும் அந்தக் கால்வாய்களைப் போன்றவை. கட்டியை எடுக்கும்போது மருத்துவர் அதிகம் அஞ்சுவது இவற்றைத்தான்.

தலைக்குள் கட்டி என்றதும் எல்லாம் முடிந்தது என்று குடும்பம் உடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். கட்டிகளில் பல வகை உண்டு. மெனிஞ்சியோமா மூளையை மூடியிருக்கும் உறையிலிருந்து வளர்வது, பெரும்பாலும் புற்று வகை இல்லை. மூளையை வெளியிலிருந்து அழுத்தும், முழுதாக எடுத்துவிடக்கூடிய வாய்ப்பும் அதிகம். நம் நாட்டில் ஸ்கேனில் தெரியும் சிறு முடிச்சு கட்டியே இல்லாமல், நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியதால் வந்த வீக்கமாகவோ காசநோய் முடிச்சாகவோ இருப்பதும் சகஜம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதில் பெரிய தொண்டு செய்திருக்கிறார்கள். வலிப்போடு வருகிறவரின் மூளையில் 20 மில்லிமீட்டருக்குள் ஒரே ஒரு முடிச்சு இருந்து, மண்டைக்குள் அழுத்தமோ கூடிக்கொண்டே போகும் பலவீனமோ இல்லையென்றால், அது புழு முடிச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம், பெரும்பாலும் தானே கரைந்துவிடும் என்று விதிகள் வகுத்துக் காட்டினார்கள். திறக்க வேண்டாத மண்டையைத் திறக்காமல் விடுவதும் மூளையைக் காப்பாற்றுவதுதான்.

வயது வந்தவருக்கு வாழ்வில் முதல்முறையாக வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிற வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. சாவி எதையும் நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, அடங்கியதும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். விடியற்காலையில் வாந்தியோடு வரும் தலைவலி, நாளுக்கு நாள் கூடும் ஒரு பக்கப் பலவீனம், தெரிந்த சொல் நாவுக்கு வராமை, இவையும் அப்படித்தான்.

இனி அறுவைக் கூடத்துக்கு வருவோம். கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மருத்துவர் நோயாளியை விழித்திருக்க வைத்து, மூளையின் மேல் மெல்லிய மின்சாரம் தொட்டு எந்த இடம் என்ன செய்கிறது என்று குறித்துக்கொண்டார். 1928இல் தன் சொந்த அக்காள் ரூத்தின் மூளைக் கட்டியை அவரே அறுத்து எடுத்தார், நெற்றிப் பகுதியின் பெரும்பகுதியோடு. ரூத் பேசினார், நடந்தார், பண்பாகப் பழகினார். ஆனால் விருந்தாளிகளுக்குச் சமைக்க நின்றபோது, எதை முதலில் வைப்பது, எதை அடுத்து வைப்பது என்று அவரால் ஒழுங்குபடுத்த முடியவில்லை. காலங்காலமாகச் செய்த வேலை அது. தம்பி அதை மறைக்காமல் மருத்துவ இதழில் எழுதினார். பேச்சும் கையும் தப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த அக்காளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பென்ஃபீல்டின் மான்ட்ரியல் நரம்பியல் நிலையத்தில் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு பி. ராமமூர்த்தி சென்னை பொது மருத்துவமனையில் தொடங்கினார். இன்று பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையிலேயே நரம்பியல் அறுவைப் பிரிவு இருக்கிறது.

விழித்திருக்கும்போது மண்டையைத் திறப்பதா என்று கேட்காதவர் இல்லை. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தோலுக்கும் எலும்பின் மேலுறைக்கும் மூளையுறைக்கும்தான் வலி. தலைத்தோல் நரம்புகளை மரக்கச் செய்துவிட்டு, திறக்கும் வேளையில் தூங்க வைத்து, மூளை தெரிந்ததும் எழுப்புவார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து படம் காட்டுவார். மருத்துவர் சில மில்லியாம்பியர் மின்சாரத்தால் ஒரு புள்ளியைத் தொடுவார். "இது ஒரு..." என்று தொடங்கிப் பெயரைச் சொல்ல வேண்டும். "இது ஒரு" என்று சொல்லிவிட்டுப் பெயர் வராமல் திகைத்தால், பெயரைத் தேடித்தரும் இடத்தை மின்சாரம் நிறுத்தியிருக்கிறது. "இது" என்பதே வரவில்லையென்றால் நாக்கையும் உதட்டையும் ஆட்டும் இடம். மின்சாரத்தை எடுத்ததும் பேச்சு திரும்பிவிடும். அந்தப் புள்ளியில் எண் எழுதிய சிறு சீட்டு வைக்கப்படும், கத்தி அங்கே போகாது. தொடும்போது வலிப்பு கிளம்பினால் மூளையின் மேல் குளிர்ந்த உப்புநீரை ஊற்றி அடக்குவார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. காட்டும் படம் நோயாளியின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் கொடிக்கால் வைத்திருப்பவரிடம் பனிச்சறுக்கு வண்டியின் படத்தைக் காட்டி, பெயர் வரவில்லை என்று எழுதிக்கொண்டால் அது மூளையின் குறையா, படத்தின் குறையா? வெற்றிலையும் மண்வெட்டியும் பனங்காயும் காட்டினால் தயங்காமல் சொல்வார். அறுவைக்கு முந்தைய நாள் எல்லாப் படத்தையும் காட்டிப் பார்த்து, தவறாமல் சொல்பவற்றை மட்டும் வைத்துக்கொள்வது சரியான முறை. இரண்டு மொழி பேசுகிறவருக்கு இரண்டிலும் சோதிக்க வேண்டும். ஒரு மொழியைத் தடுக்கும் புள்ளி இன்னொன்றைத் தடுக்காமல் இருக்கலாம் என்பது 1978லேயே தெரிந்துவிட்டது.

இப்படித் தேடுவதால் கட்டியைக் குறைவாக எடுக்க நேரும் என்று தோன்றலாம். நடப்பது வேறு. 8,091 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2012இல் வெளியான ஆய்வில், மின்சாரத்தால் தொட்டுப் பார்த்துச் செய்த அறுவையில் 3.4 சதவீதம் பேருக்கே நிரந்தரமான கடும் பாதிப்பு ஏற்பட்டது. அப்படிப் பார்க்காதவர்களில் அது 8.2 சதவீதம். கட்டி முழுதாக எடுக்கப்பட்டதும் தொட்டுப் பார்த்தவர்களில்தான் அதிகம், 58க்கு எதிராக 75 சதவீதம். எல்லை தெரிந்த கை துணிந்து போகிறது.

எல்லாருக்கும் விழிப்புநிலை தேவைப்படாது. கையசைவை மட்டும் காக்க வேண்டுமென்றால் தூக்கத்திலேயே தசைகளில் மின்முனை பொருத்திக் கண்காணிக்கலாம். பதற்றம் மிகுந்தவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் விழித்திருந்து செய்துகொள்ளும் அறுவை ஒத்துவராமல் போகலாம். எல்லா மருத்துவமனையிலும் இந்த வசதியும் கிடையாது. கட்டி எங்கே இருக்கிறது, எந்த வேலை ஆபத்தில் இருக்கிறது, தொட்டுப் பார்க்கும் வசதி இங்கே உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியதும் இருக்கிறது: எந்தக் கைக்காரர், வீட்டில் என்ன மொழி, என்ன தொழில். பனையேறிக்கு இரு காலின் பிடிமானமும் சமநிலையும் சோறு. கணக்குப்பிள்ளைக்கு எண். நாதஸ்வரக்காரருக்கு விரலும் மூச்சும். எதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னால்தான், கொஞ்சம் கட்டியை விட்டுவைத்து அதைக் காப்பதா என்று மருத்துவர் அவரோடு உட்கார்ந்து பேச முடியும். மிச்சத்துக்குக் கதிர்வீச்சும் மருந்தும் இருக்கின்றன.

அறுவைக்குப் பின் இரண்டாம், மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்தில் இருக்கும். முதல் நாள் பேசியவர் அன்று தடுமாறலாம். நெற்றிப் பகுதியின் உள்விளிம்பில் அறுவை நடந்திருந்தால் சில நாள் வாயே திறக்காமலும் போகலாம், பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும். பயந்து கேள்விமேல் கேள்வி கேட்காமல், குறுகிய வாக்கியமாகப் பேசி, பதிலுக்குக் காத்திருங்கள். வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. அவர் சரி என்று சொல்லும்வரை பனை ஏறுவதும் பைக் ஓட்டுவதும் ஆற்றில் தனியாக இறங்கிக் குளிப்பதும் வேண்டாம். கரையில் ஒருவர் உட்கார்ந்திருக்க, படித்துறையில் செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும்.